பழைய லேப்டாப்பா, ராஸ்பெர்ரி பையா?

கோடிங் கற்க இவற்றில் எதை வாங்கலாம் என்பதுதான் கேள்வி. ராஸ்பெர்ரி பை என்பது ஒரே போர்டில் அடங்கிய சின்னக் கணினி. 2012-இல் அது வந்ததே மாணவர்களை மனதில் வைத்துத்தான். போர்டு மலிவுதான், ஆனால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், அடாப்டர், மெமரி கார்டு எல்லாம் தனி. இவை ஏற்கெனவே வீட்டில் கிடந்தால் சரி. இல்லையென்றால் மொத்தச் செலவு பழைய லேப்டாப்பை எட்டிவிடும். எல்இடி, சென்சார் இணைத்துப் பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் ராஸ்பெர்ரி பையையே வாங்குங்கள். அதற்கென்றே போர்டில் 40 பின்கள் (இணைப்பு ஊசிகள்) இருக்கின்றன.

மற்றவர்களுக்கு என் ஓட்டு பழைய லேப்டாப்புக்கே. திரை, கீபோர்டு, பேட்டரி எல்லாம் சேர்ந்தே வருகிறது. அலுவலகங்கள் கழித்துவிடும் திங்க்பேட், லேட்டிடியூட் வகைகளைத் தேடுங்கள். பலவற்றில் ராம், டிஸ்க் இரண்டையும் நாமே மாற்றலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத இயந்திரம் என்றாலும் தயங்க வேண்டாம், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) இருந்தால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தாராளம். உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், முதல் செலவை எஸ்எஸ்டிக்கே செய்யுங்கள். வேகத்தில் வித்தியாசம் உடனே தெரியும்.

அப்புறம், வாங்கும் முன் ஒவ்வொரு கீயையும் தட்டிப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் ஓட்டுங்கள். பயாஸுக்கு (கணினியை ஆன் செய்ததும் முதலில் இயங்கும் மென்பொருள்) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.