பழைய பிளிமத்துக்குக் கம்ப்ரஷன் ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் முதலில் கணக்கைக் கேளுங்கள்

பழைய பிளிமத், டாட்ஜ், டிசோட்டோ, ஃபார்கோ என்று ஆறு சிலிண்டர் சைடு வால்வு வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்ஜினைப் பிரிக்கக் கொடுங்கள். விண்டேஜ் வண்டி மட்டுமே பார்ப்பதாகச் சொல்லும் ஒரு பட்டறையில் என் பெரியப்பாவின் 1948 பிளிமத் இன்ஜினைக் கட்டக் கொடுத்தோம். கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் வரும் பெட்ரோல்-காற்றுக் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற விகிதத்தை, 8.5-க்கு ஏற்றித் தருவோம், 95 குதிரைத்திறன் 120 ஆகிவிடும் என்றார்கள். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு அவர்கள் கொடுத்த இன்ஜின் ஏற்காடு மலையில் பாதி வழிகூடத் தாங்கவில்லை. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்), அப்புறம் சைலன்சரில் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் கொதிப்பு. வண்டியைக் கட்டி இழுத்துத்தான் இறக்கினோம்.

வேறொரு லேத்துப் பட்டறையில், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றினோம். 5, 6 சிலிண்டருக்கு நடுவே, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட் கருகி அறுந்திருந்தது. ஹெட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், ஆறாவது சிலிண்டருக்கு மேலே கலவை எரியும் அறையின் கூரையில் பிறை மாதிரி பளபளவென்று ஒரு தழும்பு. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதெல்லாம் அங்கே போய் இடித்திருக்கிறது.

கம்ப்ரஷன் ஏற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 6.6 என்பது அந்தக் காலத்துப் பெட்ரோலுக்காகக் கம்பெனி வைத்த விகிதம். இன்று பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலே 91 ஆக்டேனுக்குக் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) குறையாது. 7, 7.5 வரை தாராளமாகப் போகலாம். கம்பெனியே 1949-இல் அதை 7 ஆக்கியது. அதனால் 95 குதிரை 97 ஆனது, அவ்வளவுதான். 6.6-இலிருந்து 7.5-க்குப் போனாலும் கணக்குப்படி கூடுவது நூற்றுக்கு நாலு அல்லது அஞ்சு. அறை சிறிதாகும்படி ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி மட்டும் 120 குதிரை வரவழைக்கிறேன் என்பது பச்சைப் பொய்.

218 கன அங்குல இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 595 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம், கேஸ்கட் கனத்தையும் சேர்த்து, 6.6 விகிதத்தில் 106 சிசி. 7.5 வேண்டுமென்றால் அது 91.5 ஆக வேண்டும். 8.5 என்றால் 79. அதாவது ஒவ்வொரு அறையிலிருந்தும் 27 சிசி போக வேண்டும். சைடு வால்வு இன்ஜினில் வால்வுகள் பிளாக்கில் இருந்துகொண்டு மேல்நோக்கித் திறக்கின்றன. ஹெட்டைச் சீவச் சீவ வால்வுக்கு மேலே உள்ள இடம் குறைகிறது, அங்கிருந்து சிலிண்டருக்குக் காற்று போகிற வழியும் ஒடுங்குகிறது. ஓரளவுக்கு மேல் போனால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

இந்த அளவையெல்லாம் எடுக்காமலேயே ஹெட்டை மில்லிங் மெஷினில் ஏற்றியிருக்கிறார்கள். நீளமான ஹெட், மட்டம் பார்த்துப் பூட்டவும் இல்லை. நாங்கள் துளை போட்ட அக்ரிலிக் தகட்டை ஒவ்வொரு அறையின் மேலும் கிரீஸ் வைத்து ஒட்டி, ப்யூரெட் என்னும் அளவுக் குழாயால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தோம். ஒன்றாவது அறைக்கும் ஆறாவது அறைக்கும் 10 சிசி வித்தியாசம். விகிதம் முன்பக்கம் 7.1, பின்பக்கம் 7.8. ஒரே இன்ஜினுக்குள் இப்படி இருந்தால் எந்த டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) வைத்து ஓட்டுவது? 8.5 எந்த அறையிலும் இல்லை.

பில்லில் 'ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் 6' என்று தனியாகக் காசு. உள்ளே இருந்தது பழைய பிஸ்டனேதான். கொடுக்கும் முன் எடுத்த போட்டோவில் மூன்றாவது பிஸ்டன் தலையில் இருந்த அதே கீறல் அப்படியே இருக்கிறது.

வண்டியை ஒப்படைக்கும்போது சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கேஜ் வைத்து 150 காட்டினார்களே, அது எப்படி? அங்கே வேலை பார்த்த தம்பி ஒருவர் பிறகு சொன்னார்: பிளக் ஓட்டை வழியாக முன்கூட்டியே ஆயில் விட்டிருக்கிறார்கள். ஆயில் பிஸ்டன் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும், முள் மேலே ஏறும். அது இல்லாவிட்டாலும் கேஜ் காட்டுவது அழுத்தம்தான். பேட்டரி இன்ஜினை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, த்ராட்டில் (காற்று போகும் வழி) திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். அதை வைத்து விகிதத்தைச் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் ஆத்திரம் வந்தது தண்ணீர்க் குழாய் விஷயத்தில்தான். இந்த இன்ஜின்களில் வாட்டர் பம்புக்குப் பின்னால், பிளாக்குக்குள்ளே ஒரு நீளத் தகட்டுக் குழாய் போகும். கடைசி சிலிண்டர் வரை வால்வுகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுபோவது அதுதான். துருப்பிடித்தால் பின்பக்கம் காயும். கம்ப்ரஷன் ஏற்றினால் சூடும் ஏறும் என்பதால் அதை மாற்றியே ஆக வேண்டும். புதிது போட்டதாகப் பில். நாங்கள் இழுத்தபோது துண்டு துண்டாக உதிர்ந்து, கையெல்லாம் துருப்பொடி.

நீங்கள் கொடுக்கும்போது, சீவுவதற்கு முன்னும் பின்னும் ஆறு அறைகளின் சிசியையும் எழுதி வாங்குங்கள். ஹெட் பூட்டும் முன் களிமண் வைத்து வால்வுக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியை உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பிஸ்டன், பேரிங், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்று ஹெட் தேடினால் நீளத்தை அளந்து வாங்குங்கள். 23 அங்குலம், 25 அங்குலம் என்று இரண்டு வகை உண்டு, ஒன்று மற்றதில் உட்காராது.

'பழைய இன்ஜின்னா அப்படித்தான் சார் இருக்கும்' என்பதுதான் பட்டறைக்காரரின் பதில். பில், போட்டோ, அளவுக் குறிப்பு எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. வெட்டிய ஹெட்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கிறோம். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் நேரில் வந்து அளந்து பார்க்கலாம்.