கே.எல்.70ஆ, டி.என்.41ஆ? மின்காருக்கு எந்த நம்பர்

எனக்குக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீடு, பொள்ளாச்சியில் தேங்காய் குடோன். இப்படி எல்லைக்கு இரண்டு பக்கமும் காலை வைத்திருப்பவர்களுக்குக் கார் வாங்கும்போதெல்லாம் ஒரு சபலம் வரும். பாலக்காட்டுச் சித்தூரின் கே.எல்.70 நம்பரா, பொள்ளாச்சியின் டி.என்.41 நம்பரா?

எந்தக் கார் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 மின்கார், நீள வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி கூடுதல். செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பாகங்களை இணைத்துத் தயாரிப்பதால் விலை 49 லட்சத்தில் தொடங்கியது. அப்பா பின்சீட்டில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிப் பார்த்தார், பேச்சு முடிந்தது. நம்பர் விஷயத்தில்தான் வீட்டில் இரண்டு வாரம் பஞ்சாயத்து.

வரிக் கணக்கை மட்டும் பார்த்தால் டி.என்.41 கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். 2025 ஜூனில் நான் வாங்கியபோது தமிழ்நாட்டில் மின்காருக்குச் சாலை வரியே கிடையாது, அந்த வருடக் கடைசி வரை விலக்கு என்று அப்போது அறிவித்திருந்தார்கள். கேரளத்திலோ ஏப்ரல் 1 முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10 சதவீதம். முன்பு 5 தான். இரண்டு மாதம் தூங்கிவிட்டேன். 49 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் ஐந்து லட்சத்தைத் தொடுகிறது. "மாப்ள, அஞ்சு லட்சத்தக் கொண்டு போயி ரோட்டுலயா கொட்டுவீங்க?" என்று மச்சான் கேட்டார். பதில் சொல்ல வரவில்லை.

ஆனாலும் கே.எல்.70 தான் போட்டேன். காரணம் சார்ஜர்.

மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது எளிது. குடியிருக்கும் இடமோ தொழில் நடத்தும் இடமோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அந்த மாநிலத்தில் பதிவு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் எடுக்க வேண்டும். டீசல் வண்டி இருந்த காலத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அது எந்த பெட்ரோல் பங்கிலும் குடிக்கும், எந்த மரத்தடியிலும் நிற்கும். மின்கார் அப்படி இல்லை. சுவரில் சார்ஜர் பெட்டி எங்கே மாட்டியிருக்கிறதோ அங்கேதான் அது உறங்கும். என் போர்ட்டிகோவில் இருப்பது 11 கிலோவாட் பெட்டி. அதற்காகவே கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யில் மூன்று ஃபேஸ் எடுத்து, லோடு கூட்டி எழுதிக் கொடுத்தேன். மாலை 6 முதல் 10 வரை மின்கட்டணம் கூடுதல் என்பதால் பத்தரைக்கு டைமர். 66.4 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப ஆறரை மணி நேரம். வண்டி ராத்திரி எந்த மாநிலத்தில் நின்றது என்பதற்கு கரண்ட் பில்லே சாட்சி. கையில் பொள்ளாச்சி முகவரியும் சுவரில் கேரள மீட்டருமாக எவ்வளவு நாள் ஓட்டுவது?

என் சித்தப்பா மகனும் கேரளப் பக்கம், வடகரப்பதியில் இருக்கிறான். அவன் எதிர்ப்பக்கம் போனான். அதே மாடல், குடோன் முகவரி, டி.என்.41. சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறேன் என்று சார்ஜரையும் குடோனிலேயே மாட்டினான். விளைவு, அரைக்கோடி ரூபாய்க் கார் கொப்பரை மூட்டைகளுக்குப் பக்கத்தில் தூங்குகிறது, இவன் மொபெட்டில் வீடு திரும்புகிறான். குடோன் இணைப்புக்குக் கமர்ஷியல் கட்டணம் வேறு. தோப்பு மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரத்தில் சொருகிக்கொள்ளலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது திருட்டு, பிடித்தால் தோப்பு இணைப்பும் சேர்ந்து போகும்.

கொப்பரை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். நாலாம் மாதம் ஒரு நாள் காலை, திரையில் மஞ்சள் எச்சரிக்கை. முன்மூடியைத் திறந்தால் வயரின் மேல்தோல் துருவித் துருவிக் கிடந்தது. தேங்காய்த் துருவல் போலவே இருந்ததாகச் சொன்னான். நல்லவேளை, ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கேபிளில் பல் படவில்லை. எலிக்கடிக்கு வாரண்டி கிடையாது. காப்பீட்டில் வந்த பணம் போக, கையிலிருந்தும் போனது. வீட்டில் நிறுத்தினால் எலி வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் பெட்டிக்குப் பின்னால் ஒரு பல்லி குடும்பமே நடத்துகிறது. ஆனால் தினமும் கண்ணில் படும் வண்டிக்கு ஒன்று ஆனால் உடனே தெரிந்துவிடும்.

மற்றதெல்லாம் இரண்டு நம்பருக்கும் ஒன்றுதான். பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். சர்வீஸுக்கு இருவரும் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குத்தான் போகிறோம், கொச்சி தூரம். கம்பெனி சொல்லும் 531 கிலோமீட்டரில் எங்கள் இருவருக்கும் 400ஐ ஒட்டித்தான் வருகிறது, அதுவும் ஏசியை அடக்கி வைத்தால்.

மறுவிற்பனையில் என் அனுபவம் ஒரே ஒரு வண்டிதான், அதுவும் டீசல். டி.என்.41 நம்பரில் இருந்த அதைத் திருச்சூர்க்காரர் ஒருவர் கேட்டார். தடையில்லாச் சான்றுக்கு ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் நடந்தேன். கடைசியில் கேரளத்தில் கட்ட வேண்டிய வரியை விலையில் கழித்துக்கொண்டுதான் அவர் எடுத்தார். மின்கார் விலை எப்படி இறங்கும் என்பதை நான் விற்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஆனால் தம்பி காரைக் கேரளத்துக்கு மாற்றினாலும், கேரளத்துக்காரருக்கு விற்றாலும், வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்து ஒரு வரி வரத்தான் போகிறது. இன்று மிச்சம் என்று நினைக்கும் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு அங்கே காத்திருக்கிறது.

கோபாலபுரம் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மண்ணில் உண்மையாகவே குடியிருப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், விலக்கு இருக்கும்வரை டி.என்.41 போட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அந்தப் பக்க நம்பருக்கு ஆசைப்படுவதுதான் வம்பு.

தம்பி இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறான். வந்ததும் முதல் வேலையாகக் காரை என் பெட்டியில் சொருகுகிறான். யூனிட் கணக்கு இன்னும் கேட்கவில்லை.