எட்டு மார்கழி, ஒரே கம்பி: 40, 80, 160 மீட்டர் பேண்டுகளில் என் அனுபவம்

தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலி மாவட்டத்து ஊர் ஒன்றில் இருக்கிறேன். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் கைக்கு வந்ததும் 2017-ல் நான் வாங்கிய முதல் ரேடியோ செட் ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் 40. ஏழு வாட், 40 மீட்டர் அலைநீளமுள்ள பேண்ட் மட்டும், குரல் மட்டும். மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் குழாயிலிருந்து பின்பக்கத் தென்னைக்கு 20 மீட்டர் கம்பியை டைபோலாக (நடுவில் இணைப்புக் கொடுத்த ஆன்டெனாவாக) இழுத்துக் கட்டினேன், தரையிலிருந்து ஏழு மீட்டர் உயரம்தான் இருக்கும். அந்த உயரத்தில் கட்டினால் சக்தியில் பெரும்பகுதி நேர் மேலே போய் நேர் கீழே இறங்கும். காலை ஏழரைக்குக் கேரளமும் கர்நாடகமும் இலங்கையும் பக்கத்துத் தெரு மாதிரி கேட்டன. 40 மீட்டர் என்றால் இவ்வளவுதான் என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரியில் செட்டைப் போட்டுப் பார்க்கவே இல்லை, அதுதான் காரணம். பகலில் வெயில் படும்போது 60-லிருந்து 90 கி.மீ. உயரத்தில் டி அடுக்கு உண்டாகிவிடுகிறது. அது அலையைத் திருப்பி அனுப்பாது, விழுங்கிவிடும். அலைவரிசை பாதியானால், அதாவது அலைநீளம் இரட்டிப்பானால், விழுங்குவது ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் மதியம் 80 மீட்டரில் பக்கத்து மாவட்டமே சிரமம், 160 மீட்டரைத் திறந்து பார்க்கவே வேண்டாம். பொழுது சாய்ந்ததும் டி அடுக்கு கரைந்துபோகும். அலை தடையில்லாமல் 300 கி.மீ. உயரத்து எஃப் அடுக்கு வரைக்கும் போய் மடங்கி இறங்கும், தரையிலோ கடலிலோ பட்டு மறுபடி ஏறும். புத்தகத்தில் இதைப் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். ஆனாலும் 2018 ஜனவரியில் ஒருநாள் தூக்கம் வராமல் ராத்திரி ஒரு மணிக்கு செட்டைப் போட்டபோது இத்தாலிக்காரர் ஒருவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

அந்த வருஷமே பழைய 100 வாட் செட் ஒன்று வாங்கி, எனக்கு அனுமதித்த 50 வாட்டில் வைத்து, 80 மீட்டருக்கு 40 மீட்டர் நீளக் கம்பி கட்டினேன். நடுப்பகுதி 14 மீட்டர் உயரத்தில், இரண்டு முனைகளும் சரிந்து தென்னைகளில். கம்பியை நான்கு தடவை மாற்றியாயிற்று, அமைப்பு மட்டும் இன்று வரைக்கும் அதேதான்.

மார்கழிதான் இந்த பேண்டுக்கு மாதம். வட நாடுகளில் நீண்ட இரவு, நமக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து இடி மின்னல் அடங்கியிருக்கும். கீழ் பேண்டுகளில் மின்னல் பெரிய எதிரி, 500 கி.மீ. தள்ளி வெட்டினாலும் காதுக்குள் பட்டாசு வெடிக்கும். சித்திரை, வைகாசியில் நான் 80 மீட்டர் பக்கமே போவதில்லை.

மார்கழியில் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன். அம்மா வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள். மாடி அறையில் ஹெட்போனை மாட்டினால் முதலில் வெறும் இரைச்சல்தான். ஐந்தே முக்கால் வாக்கில் ஐரோப்பிய மோர்ஸ் ஒலிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஆறேகாலிலிருந்து ஆறரை வரைக்கும், அதாவது கிழக்கு வெளுத்து வெயில் விழுவதற்குச் சற்று முன்னால், எல்லாச் சிக்னலும் ஒருமுறை எழும்பும். ஜெர்மனி இங்கிருந்து ஏறக்குறைய 7,700 கி.மீ., ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் திருச்சியிலிருந்து வருவது போலக் கேட்கும். பிறகு கிணற்றில் வாளி இறங்குவது போல மெதுவாக அமிழ்ந்து, ஏழு மணிக்கு ஒன்றுமே இருக்காது. விடியற்கோட்டை ஒட்டி வரும் இந்த எழுச்சியை எட்டு வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு நாள் போல இன்னொரு நாள் இருந்ததில்லை. ஒரு விஷயம், நமக்கு ஆறரை என்றால் ஜெர்மனியில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. பேண்ட் திறந்திருக்கும், ஆள்தான் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால்தான் சனி ஞாயிறும், எல்லாரும் விழித்திருக்கும் போட்டி நாட்களும் எனக்கு முக்கியம்.

அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு சாயங்காலம்தான் பார்க்க வேண்டும். டிசம்பர் நடுவில் நமக்கு சூரியன் மறைவது ஆறு மணி சுமாருக்கு, நியூயார்க்கில் அப்போதுதான் விடிந்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும். தூரம் 13,800 கி.மீ., பாதை வட துருவ ஒளி தெரியும் பிரதேசங்களை ஒட்டிப் போகிறது. 40 மீட்டரில் ஐந்தே முக்காலிலிருந்து ஆறேகால் வரைக்கும் காத்திருந்தால் பத்து நாளில் மூன்று நாள் கிடைக்கும். யாராவது வாசலில் கூப்பிட்டு எழுந்து போனால் அன்றைக்குப் போச்சு.

சரி, இனி இரைச்சல். எட்டு வருஷத்தில் என் நேரத்தில் பாதியைத் தின்றது இதுதான், எனக்குப் பலன் தந்ததும் இதுதான். 2019 கார்த்திகையில் ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு 80 மீட்டரில் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் போல சிக்னல் பலம் காட்டும் மீட்டர் வெறும் இரைச்சலிலேயே எஸ்9-ல் நின்றது, என் பேண்ட் அப்படித்தான் என்று பழகிப்போயிருந்தேன். திடீரென்று தெரு முழுக்கக் கரண்ட் போனது. செட் பேட்டரியில் ஓடியதால் நிற்கவில்லை. முள் எஸ்4-க்கு விழுந்தது. காதில் அப்படியொரு அமைதி, அந்த அமைதிக்குள் மூன்று நான்கு மோர்ஸ் நிலையங்கள். அவை அதுவரைக்கும் அங்கேயே இருந்திருக்கின்றன, எனக்குத்தான் கேட்கவில்லை. பதினெட்டு நிமிஷத்தில் தென் ஆப்பிரிக்காவையும் ஓமனையும் பிடித்தேன். கரண்ட் வந்ததும் கதவைச் சாத்தியது போல எல்லாம் மறைந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் எஸ் அலகு 6 டெசிபெல், ஐந்து அலகு என்றால் 30 டெசிபெல், சக்தியில் ஆயிரம் மடங்கு. நான் மேல்நிலை லைசென்ஸான ஜெனரல் கிரேடுக்கு மாறி 50 வாட்டை 400 வாட் ஆக்கினாலும் கிடைப்பது 9 டெசிபெல்தான், அதுவும் அந்தப் பக்கத்துக்காரருக்கு. அவர் பதில் சொன்னால் நான் கேட்கவேண்டுமே! அன்றிலிருந்து பெரிய பெட்டி வாங்கும் நினைப்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் வேட்டையைத் தொடங்கினேன். மெயினை அணைத்து, செட்டைப் பேட்டரியில் வைத்து, மெயின் போர்டில் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் குறித்துக்கொள்வேன். செட்டாப் பாக்ஸ் அடாப்டர், பூஜை அறை எல்ஈடி பல்பு, இன்வெர்ட்டர், மலிவு மொபைல் சார்ஜர் இரண்டு. எல்லாமே உள்ளே வேகமாகத் துடிக்கும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை சமாச்சாரங்கள். சிலவற்றை மாற்றினேன், மாற்ற முடியாதவற்றின் வயரை 31 ரக ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள்) வளையத்தில் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினேன். இந்த ரகம் கீழ் பேண்டுகளுக்குத் தோதானது, வேறு ரகத்தில் பணம் போட்டு ஏமாந்த பிறகு கற்றுக்கொண்டேன்.

மிச்சம் ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தது. மீடியம் வேவ் பாக்கெட் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்து, அவர்கள் போர்ட்டிகோ விளக்கு என்று கண்டுபிடித்தேன். அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எங்க வீட்டு பல்பா ஒனக்கு வெளிநாட்டைத் தடுக்கு?" என்று நம்பாமல்தான் மாடிக்கு வந்தார். ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டு, அவர் மகனைக் கீழே விளக்கை அணைக்கச் சொன்னேன். மனுஷர் அப்படியே நின்றார். "இன்னொரு மட்டம் போட்டு அணைக்கச் சொல்லு" என்றார். மறுநாள் நான் வாங்கிக் கொடுத்த பல்பை மாட்டிக்கொண்டார். இப்போது மார்கழி பஜனைக்குக் கோயிலில் சீரியல் பல்பு போட்டால், எந்த அடாப்டர் என்று பார்த்து ஃபெரைட் சுற்ற அவரே என்னைக் கூட்டிப்போகிறார். இன்றைக்கு என் 80 மீட்டர் இரைச்சல் நல்ல நாளில் எஸ்5.

160 மீட்டர் தனிக் கதை. தென்னையில் 13 மீட்டர் ஏற்றி, மீதியைப் படுக்கையாக விட்டு, தலைகீழ் எல் வடிவத்தில் கட்டி, அதன் அடியிலிருந்து நாலாபக்கமும் பரவும் 16 ரேடியல் கம்பியைத் தரையில் புதைத்தேன். வெளிநாட்டு ஹாம்கள் எல்லாரும் செங்குத்துக் கம்பியைத்தான் சொல்கிறார்கள். எனக்கு வடக்கே ஓரளவு போனது, ஆனால் கிழக்கு மேற்குத் திசையில் எப்போதும் சோர்வாகவே இருந்தது. காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-ல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும் அதற்காகத்தான், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதற்காகத்தான். இங்கே பூமியின் காந்தப்புலம் தெற்கு வடக்காகக் கிடையாகப் படுத்திருக்கிறது. 160 மீட்டர் அலைவரிசை, அயனி மண்டலத்து எலெக்ட்ரான்கள் அந்தப் புலத்தில் சுழலும் வேகத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அதனால் கிழக்கு மேற்காகப் போகும் செங்குத்து அலை அதிகம் விழுங்கப்படும், கிடை அலை குறைவாக விழுங்கப்படும். இது புரிந்த பிறகு 80 மீட்டர் கம்பியையே நீட்டி 160-க்குக் கிடையாகவும் ஒன்று வைத்திருக்கிறேன். அவ்வளவு தாழ்வான கிடைக் கம்பி தூரத்துக்கு ஆகாது என்பார்கள், உண்மைதான். ஆனாலும் சில இரவுகளில் ஜப்பானுக்கு அது எல் கம்பியை வென்றிருக்கிறது. மொத்தக் கணக்கு: 40 மீட்டரில் 168 நாடுகள், 80-ல் 91, 160-ல் 22. அந்த 22-க்குப் பட்ட பாடுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரியது.

கேட்பதற்கென்றே தனியாகப் பெவரேஜ் கம்பி (தரைக்குச் சற்று மேலே நீளமாக ஓடும் ஆன்டெனா) போட்டும் பார்த்தேன். 1921 டிசம்பரில் பால் காட்லி அமெரிக்காவிலிருந்து ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனுக்குப் போய், வயல்வெளிக் கூடாரத்தில் உட்கார்ந்து, ஏறக்குறைய 400 மீட்டர் நீளப் பெவரேஜ் கம்பியில் அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னலை அட்லாண்டிக்குக்கு இப்பால் கேட்டுக் காட்டினார். அந்த ஆசையில் சித்தப்பா வயல் வரப்பில் கம்பு நட்டு, இரண்டரை மீட்டர் உயரத்தில் 150 மீட்டர் வடமேற்காக இழுத்தேன். நல்ல சீசனும் பிசான நெல் நிற்கும் காலமும் ஒன்றாக வருவதுதான் சிக்கல். பெவரேஜுக்கு வறண்ட, மோசமான தரைதான் நல்லது, தண்ணீர் தேங்கிய வயலில் அதன் திறமை குறைகிறது. போதாததற்கு மயில்கள் வந்து மோதிக் கம்பியை அறுத்தன. மயிலுக்கு அடிபடுமோ என்ற பயத்தில் இரண்டே சீசனில் கழற்றிவிட்டேன். இப்போது மாடியில் ஒரு மீட்டர் விட்டமுள்ள சின்ன வளைய ஆன்டெனாதான். கையால் திருப்பினால் மிச்சமிருக்கும் இரைச்சல் ஒரு திசையில் அமுங்கும், அது போதும்.

பாதை எப்போது திறக்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது விஸ்பர் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள். நோபல் பரிசு வாங்கிய வானியலாளர் ஜோ டெய்லர் 2008-ல் வெளியிட்டது, ஒரு சின்னத் தகவலை இரண்டு நிமிஷம் இழுத்து அனுப்பும், காதுக்கு எட்டாத சிக்னலையும் கம்ப்யூட்டர் படித்துவிடும். 80 மீட்டரில் இரண்டு வாட்டில் இரவு முழுக்க ஓடவிட்டால், காலையில் எந்த மணிக்கு யார் கேட்டார்கள் என்று தெரியும். பெர்த் 6,000 கி.மீ., இரண்டு வாட் அநேகமாக தினமும் போகிறது. கம்ப்யூட்டர் வழியாகவே தொடர்புகொள்ளும் எஃப்டி8 முறையையும் பயன்படுத்துகிறேன், பாதி நாடுகள் அதில்தான் வந்தன. ஆனால் விடியற்காலை எழுச்சியைக் காதால் கேட்பதற்கு மோர்ஸ்தான். திரையில் எண்கள் மாறுவதைப் பார்ப்பது எனக்கு அதற்கு ஈடாகவில்லை.

சூரியனைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் தொடங்கிய வேளை அதிர்ஷ்டம், 2019-ல் பெரும்பாலான நாட்கள் சூரியனில் கரும்புள்ளியே இல்லை. மேல் பேண்ட் நண்பர்கள் புலம்பினார்கள், எனக்கு 80 மீட்டர் அள்ளிக்கொடுத்தது. கரும்புள்ளிகள் கூடிக் குறையும் 25-வது சூரியச் சுழற்சி ஏற ஏறக் கீழ் பேண்டுகள் முரடாயின. 2024 மே 10, 11-ல் வந்த பெரும் காந்தப் புயலின்போது 40 மீட்டரில் எனக்கு வட அமெரிக்காவும் வட ஐரோப்பாவும் சுத்தமாகத் துடைத்துவிட்டது போல இல்லாமல் போயின, தெற்கே ஆஸ்திரேலியா மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆர்க்டிக் பக்கம் போகும் பாதை அடிபட்டால் நம் நடுக்கோட்டுப் பாதையும் அடிபடவேண்டும் என்றில்லை என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். கொடைக்கானல் மலையில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அந்தப் புள்ளிகளின் ஏற்ற இறக்கம்தான் என் லாக் புத்தகத்திலும் வேறு எழுத்தில் இருக்கிறது.

இனி சுழற்சி இறங்குமுகம். அடுத்த இரண்டு மூன்று மார்கழிக்கு 80 மீட்டர் மறுபடி சாந்தமாகும் என்று காத்திருக்கிறேன். புரட்டாசியில் கம்பியை இறக்கிப் பார்த்தபோது தென்னை உரசும் இடத்தில் இழை இழையாகப் பிரிந்திருந்தது. மழைக்கு முன்னால் அதை மாற்றி, முனையில் கப்பி போட்டு ஒரு செங்கல் எடையைத் தொங்கவிட்டிருக்கிறேன், காற்றில் மரம் ஆடினாலும் இழுக்காது. அண்ணாச்சிதான் கீழே நின்று கயிறு பிடித்தார்.