கிணற்று மோட்டார் அறைக்குக் கருங்கல்லா, செங்கலா, ஹாலோ பிளாக்கா?

மதுரைப் பக்கத் தோட்டங்களில் மோட்டார் அறையைப் பெரும்பாலும் வீடு கட்டி மிஞ்சிய பொருளைக் கொண்டே எழுப்பிவிடுகிறார்கள். வீட்டுச் சுவர் காணாத ஈரத்தையும் அதிர்வையும் அந்தச் சிறிய அறை தினமும் தாங்குகிறது என்பதால், அதற்கான பொருளைத் தனியே யோசித்துத் தேர்ந்தெடுப்பதே முறை.

ஈரத்தைப் பொறுத்தவரை கருங்கல்லுக்கு நிகரில்லை. நல்ல கருங்கல் தன் எடையில் ஒரு சதவீதம்கூடத் தண்ணீர் குடிப்பதில்லை. சாதாரணச் செங்கலுக்கோ இந்தியத் தர விதியே 20 சதவீதம் வரை இடம் கொடுக்கிறது. உவர்த் தண்ணீர் உள்ள கிணற்றடியில், பம்பு கசியும் பக்கத்துச் செங்கல் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்வது இதனால்தான்.

ஆனால் கருங்கல்லின் பாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். செங்கல் சுவர் 9 அங்குலத்தில் முடியும் இடத்தில், சைஸ் செய்யாத, அதாவது கொத்திச் சீராக்காத கல்லுக்கு 15 அங்குலக் கனம் தேவைப்படுவதால், அடிக்கு அடி பாரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. கல் அருகிலேயே கிடைக்கும் மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் இது கவலையில்லை. மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில், உறை கட்டாத கிணற்றின் விளிம்பை ஒட்டி இவ்வளவு பாரத்தை ஏற்றுவது கிணற்றுக்கே ஆபத்து; அங்கே அறையைத் தள்ளிக் கட்டி, அடியில் சுவரைச் சுற்றிலும் கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும்.

ஆகவே அஸ்திவாரமும் தரைக்கு மேல் இரண்டடியும் கருங்கல், அதன் மேல் ஈரத்தடுப்புச் சாந்து ஒரு வரி, பிறகு நன்கு வெந்த சேம்பர் (சூளை அறையில் சுட்ட) செங்கல் என்பதே என் தேர்வு. செங்கலும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்த திருமலை நாயக்கர் மகால் 17ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. ஈரத்திலிருந்து பிரித்து வைத்தால் செங்கலின் ஆயுளைப் பற்றி ஐயமே வேண்டாம்.

ஹாலோ பிளாக் வேலையை விரைவாக முடிக்கும், செலவும் குறையும். ஆனால் மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர் பெட்டியின் பலகைக்கு அடிக்கும் போல்ட், உள்ளே வெற்றிடம் இருப்பதால், மோட்டார் அதிர அதிரத் தளர்ந்துவிடும். அந்த இடத்துக் குழிகளையாவது கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும்.

கூரைக்குத் தகரம் மலிவுதான் என்றாலும், சித்திரை வெயிலில் உள்ளே அனலாகி ஸ்டார்ட்டரையும் கெபாசிட்டரையும் கெடுக்கிறது. சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் சிமெண்ட் ஷீட் போடவே கூடாது. ஒரு நெற்று விழுந்தால் போதும், உடைந்துவிடும். நான்கு அங்குலக் கான்கிரீட் தளம் போட்டு, கம்பி கட்டும்போதே மோட்டாருக்கு நேர் மேலே கனமான கொக்கி ஒன்றைப் பதித்துவிட்டால், பழுது பார்க்கும் நாளில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டி ஒருவரே மோட்டாரைத் தூக்கிவிடலாம்.

கதவுக்கு, செம்புக் கம்பித் திருட்டை எண்ணினால், இரும்பே பொருத்தம். அடி விளிம்புதான் முதலில் துருப்பிடிக்கும் என்பதால், வாசற்படியைத் தரையிலிருந்து அரையடி உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.