கைப்பிடி ஹீட் பிரஸ்: மினியா, 9-க்கு 9-ஆ, 12-க்கு 10-ஆ?

துணியில் படமோ எழுத்தோ சூட்டால் அழுத்தி ஒட்டுகிற ஹீட் பிரஸ்ஸை எந்த அளவில் வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் "வாங்குறதுதான் வாங்குற, பெரிசாவே வாங்கிடு" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அக்கா மகனின் குட்டிச் சட்டையில் கை வைக்கும் வரை. ஒட்ட வேண்டிய யானைப் படம் 4 இஞ்ச். கையில் இருந்த பிரஸ்ஸின் சூட்டுத் தட்டோ 12-க்கு 10 இஞ்ச். யானை அழகாக ஒட்டிக்கொண்டது. தோள்பட்டையில் இருந்த பிளாஸ்டிக் டிச் பட்டன்கள் மூன்றும் உருகி அப்பளமாகிவிட்டன.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் கிரிகட் நிறுவனம் 2017-இல் ஈஸிபிரஸ் என்ற பெயரில் 9-க்கு 9 இஞ்ச் தட்டோடு ஒரு கைப்பிடி பிரஸ்ஸைக் கொண்டுவந்தது. அப்புறம் 6-க்கு 7, 12-க்கு 10 என்று தம்பியும் அண்ணனும் வந்தார்கள். கைக்குள் அடங்கும் மினியும் வந்தது. அதன் தட்டு ஏறக்குறைய 2-க்கு 3¼ இஞ்ச்தான். இன்று மற்ற பிராண்டுகளிலும் இதையொட்டிய அளவுகளே கிடைக்கின்றன. ஆகவே பிராண்டை விட்டுவிட்டு அளவை மட்டும் பேசுவோம்.

பெரிய தட்டு வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிற ஒன்று, அழுத்தம். கடைகளில் இருக்கும் நெம்புகோல் வைத்த பிரஸ்ஸில் அழுத்தத்தை மெஷின் கொடுக்கிறது. கைப்பிடி பிரஸ்ஸில் அதை நம் உடம்புதான் கொடுக்க வேண்டும். இரண்டு கையாலும் சாய்ந்து 10 கிலோ எடை கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-க்கு 7 தட்டில் அது சதுர சென்டிமீட்டருக்கு 37 கிராம் அளவுக்கு இறங்கும். அதே 10 கிலோ 12-க்கு 10 தட்டில் பரவினால் 13 கிராம்தான். அதாவது பெரிய தட்டில் அதே பிடிமானம் வேண்டுமானால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சாய வேண்டும். ஒல்லியான ஆட்களுக்கு இது விளையாட்டில்லை. வினைலின் (சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் படலம்) ஓரம் இரண்டு சலவையிலேயே உரிகிறது என்று புலம்புகிறவர்கள், சூட்டைக் கூட்டும் முன் மேஜையின் உயரத்தையும் தாங்கள் சாயும் விதத்தையும் பார்த்தால் நல்லது. இஸ்திரி போடும் மடக்கு மேஜை இதற்கு ஆகவே ஆகாது. அழுத்தினால் அது ஆடும். இடுப்பளவுக்கும் சற்றுக் கீழான கெட்டி மேஜை வேண்டும், இல்லையென்றால் தரை.

சரி, மினி. தொப்பி, கேன்வாஸ் ஷூ, சட்டைக் கை, காலருக்குக் கீழே சின்ன எழுத்து, பென்சில் பை எல்லாவற்றுக்கும் இதற்கு ஈடில்லை. ஆனால் முதல் பிரஸ்ஸாக இதை வாங்காதீர்கள். கிரிகட் மினியில் டிகிரி கணக்கே கிடையாது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலைதான். போகப் போகக் கைப்பழக்கத்தில் பிடிபடும். புதியவருக்கு அது குருட்டாட்டம்.

6-க்கு 7-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைத் துணியும் மார்போரத்து லோகோவும் மட்டும் செய்கிறவர்களுக்கு அருமை. மற்றவர்கள் ஆறே மாதத்தில் அடுத்த அளவைத் தேடுவார்கள்.

உண்மையான போட்டி 9-க்கு 9-க்கும் 12-க்கு 10-க்கும்தான். இதைத் தீர்மானிப்பது நீங்கள் ஒட்டுவது வினைலா, அச்சடிப்பது சப்ளிமேஷனா (தாளில் அச்சடித்த மையைச் சூட்டால் துணிக்கு மாற்றுவது) என்பது.

வினைல் என்றால் 9-க்கு 9 போதும். பெரியவர்கள் டீ-ஷர்ட்டில் முன்பக்க டிசைன் 10, 11 இஞ்ச் அகலம் வரும், தட்டு எட்டாது. எட்டாவிட்டால் என்ன? இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை, நடுவில் ஒரு இஞ்ச் மேல்படிய அழுத்தினால் முடிந்தது. நடுப்பகுதி இரண்டு முறை சூடுபட்டால் வினைலுக்கு ஒன்றும் ஆகாது. வினைலின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தாளை மட்டும் பாதியில் உரித்துவிடாமல், எல்லாப் பக்கமும் அழுத்திய பிறகு உரிக்க வேண்டும்.

சப்ளிமேஷனில் இந்தத் தந்திரம் பலிக்காது. அங்கே 190, 200 டிகிரி செல்சியஸில் மை ஆவியாகி பாலியெஸ்டர் நூலுக்குள் போய் உட்காருகிறது. தட்டை எடுத்து நகர்த்தும்போது தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படத்துக்கு நிழல் விழும். நகராவிட்டாலும் இரண்டு முறை சூடுபட்ட பட்டை தனியாகத் தெரியும். வீட்டுப் பிரிண்டரில் வருவது ஏ4 தாள்: 21-க்கு 29.7 சென்டிமீட்டர். 12-க்கு 10 தட்டு 30.5-க்கு 25.4. முழுத்தாளும் ஒரே அழுத்தில் அடங்கிவிடும், நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர்கூட மிச்சமில்லாமல். 9-க்கு 9 தட்டு 23 சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறது. ஆகவே ஏ4 சப்ளிமேஷன்தான் உங்கள் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், 12-க்கு 10 வாங்குங்கள். பனியன் துணியில் தட்டின் விளிம்புத் தடம் பதியும் தொல்லையும் அதில் குறைவு, விளிம்பு டிசைனுக்கு வெளியே விழுவதால்.

வேகம் வேண்டும் என்று பெரிசு வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சீமந்தத்துக்கு 40 துணித் தாம்பூலப் பைகளில் 7-க்கு 5 இஞ்ச் வினைல் ஒட்டினேன். மினியில் செய்தால் ஒரு பைக்குச் சுமார் ஒன்பது இடம் அழுத்த வேண்டும். இடத்துக்கு 25 விநாடி என்றால் அழுத்துவதற்கு மட்டும் இரண்டரை மணி நேரம். 9-க்கு 9-இல் பைக்கு ஒரே அழுத்து, மொத்தம் 17 நிமிடம். 12-க்கு 10-இலும் அதே 17 நிமிடம்தான். டிசைன் தட்டுக்குள் அடங்கிவிட்ட பிறகு தட்டு எவ்வளவு பெரிதானாலும் வேகம் கூடாது, கைவலிதான் கூடும். (துணி மாதிரியே இருக்கும் நான்-வோவன் பைகளில் எந்தத் தட்டையும் 150 டிகிரியில் வைத்துவிடாதீர்கள். அவை பாலிபுரொப்பிலீன், 160-ஐ ஒட்டி உருகிவிடும். குறைந்த சூட்டில் ஒட்டும் வினைல் தனியாக இருக்கிறது.)

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் செல்போன் சார்ஜ் போடுகிற சின்ன ப்ளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 1380 வாட்ஸ் வரைதான் தாங்கும். பெரிய தட்டில் 1500 வாட்ஸ் என்று போட்டிருந்தால் கிரைண்டர், கீசருக்குப் போடுகிற 16 ஆம்பியர் பவர் ப்ளக் அருகில் மேஜை இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி அது கருகிய வாசனை எனக்குத் தெரியும். அமெரிக்காவிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் வாங்கிவரச் சொல்லாதீர்கள். அது 120 வோல்ட் சரக்கு. அதை இங்கே ஓட்ட 1500 வாட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், பிரஸ்ஸைவிட அது கனம்.

வீட்டு இஸ்திரிப் பெட்டி போதாதா என்று கேட்பீர்கள். ஒரு பெயர், இரண்டு பூ என்றால் போதும். முனை கூரான தட்டு, சூடு ஏறி இறங்கும் தெர்மோஸ்டாட், ஸ்டீம் பெட்டியாக இருந்தால் அடியில் ஓட்டைகள். அகலமான டிசைனில் அங்கங்கே பொக்கை விழும்.

பணம் கட்டும் முன் ஒரு செய்தித்தாளை எடுத்து 9-க்கு 9, 12-க்கு 10 இரண்டு அளவிலும் வெட்டுங்கள். நீங்கள் அடிக்கடி செய்யப்போகும் டீ-ஷர்ட், பை, குட்டிச் சட்டை எல்லாவற்றின் மேலும் வைத்துப் பாருங்கள். தாளுக்கு அடியில் பட்டன், ஜிப், தடித்த தையல் எது மாட்டினாலும் அந்த இடத்தில் தட்டு சமமாக உட்காராது. அக்கா மகனுக்கு வாங்கிக்கொடுத்த புதுச் சட்டையில் நான் வைத்துப் பார்த்தேன். 12-க்கு 10 தாள் கழுத்து, கை, டிச் பட்டன் எல்லாவற்றையும் மூடிவிட்டது. 9-க்கு 9-உம் பட்டன் மேல் ஏறியது. அந்தச் சட்டைக்கு மட்டும் பக்கத்து வீட்டில் மினியை இரவல் வாங்கினேன்.