ரஸ்டில் சொந்தச் சுழல் வரிசை: மூன்று பெரும்போக அனுபவம்

சம்மாந்துறை நெல் ஆலை ஒன்றின் தராசுக்கு ரஸ்ட் மொழியில் நிரல் எழுதிக் கொடுத்து மூன்று பெரும்போக அறுவடை கடந்துவிட்டது. கடைசி 512 மூடைகளின் எடையை மட்டும் வைத்துக்கொள்ளும் சுழல் வரிசைதான் அதன் உயிர். நிரம்பியதும் மிகப் பழைய எடையின் மேல் புதியது எழுதப்படும்.

ஒரு தொகுப்பை ஃபார் சுற்றில் ஒவ்வொன்றாக நடக்கவைக்கும் ட்ரெய்ட் (ஒரு வகை என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்) இன்டூஇட்டரேட்டர். தொடக்கத்தில் அதை வரிசைக்கு மட்டுமே எழுதினேன். அது பிழை. ஃபார் சுற்றிடம் வரிசையை அப்படியே கொடுத்தால் உரிமையும் கூடவே போய்விடும்; ரஸ்டில் உரிமை போனதைப் பிறகு பயன்படுத்த முடியாது. மொத்த எடையைக் கூட்டிய அடுத்த வரியில் வரிசையைத் தொடக் கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) விடவில்லை. சுற்றுக்குச் சுற்று நகல் எடுத்துச் சமாளித்தேன். உரிமையை வாங்காமல் தரவைப் பயன்படுத்துவது இரவல். பார்ப்பதற்கான இரவலுக்கும் மாற்றுவதற்கான இரவலுக்கும் அதே ட்ரெய்டைத் தனித்தனியே எழுதிய பிறகுதான் நகல்கள் ஒழிந்தன. அன்றாடம் பயன்படுவது பார்க்கும் இரவல்தான். இன்று எழுதினால் அதிலிருந்தே தொடங்குவேன்.

மாற்றும் இரவல் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. சாக்கின் எடையைக் கழிக்க ஒவ்வொரு பதிவையும் திருத்த வேண்டும். அடுத்த பதிவைத் தரும் நெக்ஸ்ட் செயற்பாட்டில் சுட்டெண்ணைக் கூட்டிக்கொண்டே போய் அந்த இடத்தின் மாற்றும் இரவலைத் திருப்பித் தந்தேன். கம்பைலர் மறுத்தது. முதலில் கோபம் வந்தது. யோசித்தால் நியாயம் அதன் பக்கம். சுட்டெண் ஒருபோதும் திரும்ப வராது என்பது எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாதே! ஒரே இடத்துக்கு இரண்டு பேர் கையில் மாற்றும் உரிமை போனால் எடை எப்படி நம்பத்தக்கதாக இருக்கும்? தீர்வு, ஒன்றோடொன்று மேற்படாத இரு மாற்றும் இரவல்களாக வெட்டித் தரும் ஸ்ப்ளிட்_அட்_மியூட். மிகப் பழைய பதிவு இருக்கும் இடத்தில் வரிசையை இரண்டாக வெட்டி, பின்பாதியை முன்னே வைத்து, முன்பாதியைச் செயின் கொண்டு அதன் வாலில் கோத்தேன். கம்பைலரின் பாதுகாப்புச் சோதனையை நம் பொறுப்பில் தளர்த்தும் அன்சேஃப் ஒரு வரிகூட இல்லை.

இப்படிக் கோத்தது இன்னொரு நன்மையும் தந்தது. “கடைசியாக நிறுத்த மூடை மேலே தெரியவேண்டும், தம்பி” என்று ஆலைக் கணக்கப்பிள்ளை கேட்டபோது பின்னிருந்து நடக்கவைக்கும் ரெவ் என்று ஒரு சொல் சேர்த்தேன், முடிந்தது. இரு பாதிகளும் பின்னிருந்தும் நடக்கக்கூடியவை என்பதால் கோத்ததும் நடந்தது.

ஒரு குறை உண்டு. செயினுக்கு நீளத்தைச் சொல்லும் லென் கிடையாது. இரு நீளங்களின் கூட்டுத்தொகை எண்ணின் எல்லையைத் தாண்டக்கூடும் என்பதே காரணம். அதனால் எஞ்சிய எண்ணிக்கையை வைத்துக்கொள்ளும் சிறு உறை ஒன்றை நானே எழுதினேன். அதில், இன்னும் எத்தனை வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் சைஸ்_ஹின்ட்டை எழுத மறந்திருந்தேன். விடை பிசகவில்லை, ஆனால் முன்னிருப்பு மதிப்பு பூச்சியத்தில் தொடங்குவதால் எல்லாவற்றையும் ஒரு தொகுப்பில் சேர்க்கும் கலெக்ட் செய்யும்போது நினைவகம் திரும்பத் திரும்ப ஒதுக்கப்பட்டது. கடந்த அறுவடைக்கு முன்புதான் அதைக் கண்டு திருத்தினேன்.