துருப்பிடித்த போல்ட்டுக்கென்றே விற்கும் சாக்கெட் செட்: ஏமாந்துவிடாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், இறுகிப்போன போல்ட்டைக் கழற்ற இணையத்தில் சாக்கெட் செட் (போல்ட் தலையில் தொப்பி போல மாட்டித் திருப்பும் கருவிகள்) வாங்கும் எண்ணத்தில் இருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. பணமும் தர முடியாது, பொருளையும் மாற்ற முடியாது என்று இன்று காலைதான் கடைசி பதில் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

விற்றது கருவிகளை மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடை. பெயர் வேண்டாம்.

காரின் முன்பக்க லோயர் ஆர்மை, அதாவது சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கையை, மாற்ற வேண்டியிருந்தது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பல வருடம் தண்ணீரும் சேறும் பட்டு ஒட்டிப்போய்க் கிடந்தன. அந்த இடத்தில் ராட்செட்டை (பல்சக்கரம் வைத்த சாக்கெட் கைப்பிடி) போட்டு முழு பலத்தோடு இழுத்தால் அதன் உள்ளே இருக்கும் பல்தான் உடையும். பல்சக்கரம் இல்லாத நீளமான கைப்பிடியான பிரேக்கர் பாரும் தடித்த சுவருள்ள இம்பாக்ட் சாக்கெட்டும் தேவை. அதைத்தான் தேடிப் போனேன்.

விளம்பரத்தைப் பார்த்து மட்டும் நான் வாங்கவில்லை. அவர்களுடைய சாட்டில் பேசிய ஆளை நம்பி வாங்கினேன். கார் எவ்வளவு பழையது, போல்ட் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவரே கேட்டார். “12 முனை சாக்கெட் வேண்டவே வேண்டாம் சார். அது மூலையை ஒட்டித்தான் பிடிக்கும், துரு அரித்த தலை மழுங்கிவிடும். 6 முனைதான் தட்டையான பக்கத்தில் அழுத்தும்” என்றார். சரியான பேச்சு. பளபளக்கும் குரோம் வனேடியம் சாக்கெட் கையால் திருப்புவதற்கு மட்டும்தான், தட்டித் தட்டித் திருப்பும் இம்பாக்ட் கன்னில் மாட்டினால் உடைந்து தெறிக்கும், குரோம் மாலிப்டினம் எடுங்கள் என்றார். அதுவும் சரி. இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? அதற்கு அப்புறம்தான் சொன்னார்: “இந்த செட் 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தாங்கும். உடைந்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றித் தருவோம், கேள்வியே கேட்க மாட்டோம்.” அரை மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

வந்த பெட்டி பார்க்க அருமையாக இருந்தது. கறுப்புப் பூச்சு, கனமான சுவர், ஒவ்வொன்றிலும் குரோம் மாலிப்டினம் என்ற முத்திரை. போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து, இரவு முழுக்க ஊறவிட்டேன். மறுநாள் 17 மில்லிமீட்டர் சாக்கெட்டைத் தலையில் முழுதாக உட்காரவைத்து, அந்த செட்டோடு வந்த பிரேக்கர் பாரை மாட்டி நிதானமாக இழுத்தேன். போல்ட் அசையவில்லை. சாக்கெட்டின் வாய்தான் விரிந்தது. விரிந்த வாய் சுழன்று போல்ட்டின் ஆறு மூலைகளையும் வழித்துவிட்டது.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மட்டமான கருவி தான் மட்டும் கெட்டுப்போவதில்லை, கழற்ற முடிந்த போல்ட்டையும் கழற்ற முடியாததாக்கிவிடும். பிறகு ஒரு மெக்கானிக் வந்து, மழுங்கிய தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அந்தச் சூட்டோடு திருப்பி எடுத்தார். அவர் கூலி தனி. அவரே அந்த சாக்கெட்டில் அரத்தை வைத்துப் பார்த்தார். பச்சை இரும்பு மாதிரி தேய்ந்தது. பதமேற்றிய சாக்கெட்டில் அரம் இப்படி ஏறாது. செட்டில் தொடாமல் இருந்த 19 மில்லிமீட்டர் சாக்கெட்டை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தோம். வாய் அரை மில்லிமீட்டருக்கு மேல் அகலம்.

இனி அவர்களுடைய பதில்களைக் கேளுங்கள். முதலில் “வருந்துகிறோம், படம் அனுப்புங்கள்.” அனுப்பினேன். “பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை.” பயன்படுத்தாமல் எப்படி உடையும்? உத்தரவாதத்தை நினைவூட்டினேன். “அளவுக்கு மீறிய விசை கொடுத்திருக்கிறீர்கள்.” அந்த பார் அரை மீட்டர் நீளம். நாற்பது கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினாலும் 200 நியூட்டன் மீட்டருக்குக் கிட்டத்தான் வரும். 600 தாங்கும் என்றவர்கள்தானே? கணக்குப் போட்டு அனுப்பினேன், பதில் இல்லை. “பைப் மாட்டி இழுத்திருப்பீர்கள்” என்றார்கள். மாட்டவில்லை. “தயாரிப்பாளரைக் கேளுங்கள்” என்றார்கள். பெட்டியில் தயாரிப்பாளரின் பெயரே இல்லை. முதலில் அவ்வளவு பொறுமையாகப் பேசிய அந்த ஆள் எங்கே என்றால், அவர் விற்பனைப் பிரிவாம், புகார் அவர் வேலை இல்லையாம். கடைசியில் என் புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்து மூடிவிட்டார்கள். அரை மாதச் சம்பளம் அவர்களிடம் இருக்கிறது, எதைத் தீர்த்தார்கள்?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

முத்திரையையும் கறுப்புப் பூச்சையும் நம்பாதீர்கள். வந்த உடனே வெர்னியரால் அளந்து பாருங்கள், போல்ட் தலையில் ஆடினால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். வாக்குறுதியை எழுத்தில் வாங்கி, அந்த உரையாடலைப் படமெடுத்து வையுங்கள். முழு செட் வேண்டாம், தேவையான ஒன்றிரண்டு அளவுகளை நல்லதாக எடுங்கள். போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் அளவு கெட்டுவிடும். பிரேக் பைப் நட்டில் ஓப்பன் ஸ்பேனர் போடாதீர்கள், நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் என்று தனியாக இருக்கிறது. மிகப் பழைய கார் என்றால் அங்குல அளவா மில்லிமீட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர், அதில் 13 மில்லிமீட்டர் சாக்கெட்டைப் போட்டு இழுத்தால் நல்ல சாக்கெட்டே மூலையை மழுக்கும்.

இதே மாதிரி “அளவுக்கு மீறிய விசை” என்ற பதில் வேறு யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள். தனித்தனியாகக் கேட்டால் மதிக்க மாட்டார்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.